காணாத சரக்குக்கு யார் சாட்சி?

வெள்ளை, மஞ்சள், பச்சை, நீலம். தொண்ணூறுகளில் தூத்துக்குடியில் ஏற்றுமதி வேலை பார்த்தவர்களுக்கு இந்த நிற வரிசை இன்றும் மறந்திருக்காது. தீர்வை இல்லாத சரக்கென்றால், சுங்கத்திடம் தரும் ஏற்றுமதிப் படிவமான ஷிப்பிங் பில் வெள்ளை. தீர்வை உண்டென்றால் மஞ்சள். கட்டிய தீர்வையைத் திரும்பப் பெறும் டிராபேக் கேட்டால் பச்சை. 1997-ல் ஏற்றுமதியாளருக்குத் தீர்வை வரவு தரும் டி.இ.பி.பி. திட்டம் வந்த பிறகு அதற்கு நீலம். கார்பன் தாள் வைத்து, கடைசிப் பிரதியிலும் எழுத்துத் தெரியும்படி ஓங்கித் தட்டச்சு செய்ய வேண்டும். கூடவே இன்வாய்ஸ், பேக்கிங் லிஸ்ட், அந்நியச் செலாவணிக் கணக்குக்காக ரிசர்வ் வங்கி கேட்கும் ஜி.ஆர். படிவம், கலால் துறையின் ஏ.ஆர்.4. பனியன், சட்டை என்றால் கோட்டா சான்று வேறு. இத்தனையையும் ஒரு பையில் அடக்கிக்கொண்டு சி.எச்.ஏ. எனும் சுங்க முகவரின் அலுவலகத்து ஊழியர் சுங்க இல்லத்துக்குப் போவார். ஒரு மேசையில் எண், இன்னொரு மேசையில் மதிப்பீடு, மூன்றாவதில் கையெழுத்து. பிறகு ஷெட்டில் பெட்டியைப் பிரித்துப் பார்த்து, ஏற்றுமதிக்கு அனுமதி தரும் ‘லெட் எக்ஸ்போர்ட்’ முத்திரை.

அந்த முத்திரை விழுந்த பிறகுதான் கன்டெய்னர் கப்பலைப் பார்க்கும். அதற்குள் ஊரெங்கும் ஒரே கேள்வி ஓடும்: “அண்ணாச்சி, நம்ம பில் எந்த மேசையில இருக்கு?”

கேள்வியின் அவசரம் தூத்துக்குடியின் இருப்பிடத்திலிருந்து வந்தது. 1974 ஜூலை 11 அன்று நாட்டின் பத்தாவது பெருந்துறைமுகமாக அறிவிக்கப்பட்ட இந்தத் துறைமுகத்துக்குத் திருப்பூர், கரூர், மதுரை, சிவகாசி, கோவில்பட்டி என்று பின்புலம் பெரியது. ஆனால் நெடுங்கடல் ஓடும் பெரிய கன்டெய்னர் கப்பல்கள் அன்று இங்கே வந்ததில்லை. சரக்கு சிறிய பீடர் கப்பலில் ஏறி, ஓர் இரவில் கொழும்பு போய், அங்கே தாய்க்கப்பலுக்கு மாற வேண்டியிருந்தது. பீடருக்கு ‘கட்-ஆஃப்’ நேரம் உண்டு. அதைத் தவறவிட்டால் கொழும்பில் அந்த வாரத் தாய்க்கப்பலும் போய்விடும். ஹாம்பர்கிலோ ராட்டர்டாமிலோ சீசனுக்குக் காத்திருக்கும் கடைக்காரருக்குப் பத்து நாள் தாமதமாகச் சட்டை போய்ச் சேர்ந்தால், அது விலை குறைந்த சட்டை. தட்டச்சில் விழுந்த ஓர் எழுத்துப் பிழை, திருப்பூரில் ஒரு சிறு தொழிற்கூடத்தின் ஒரு மாத லாபத்தைத் தின்றுவிடக்கூடியது.

இணையம் வணிகத்துக்குள் நுழைந்த கதையைச் சொல்பவர்கள் பெரும்பாலும் புத்தகக் கடையிலிருந்து தொடங்குவார்கள். அமெரிக்க அரசுப் பணத்தில் ஓடிய என்.எஸ்.எஃப்.நெட் வலையில் வணிகத்துக்குத் தடை இருந்தது. 1995 ஏப்ரல் 30 அன்று அந்த வலை ஓய்வுபெற்றது. ஜூலையில் அமேசான் கடை திறந்தது, செப்டம்பரில் இபே வந்தது. அது அவர்கள் ஊர்க் கதை. தூத்துக்குடியில் இணைய வணிகம் நுழைந்த வாசல் சுங்க இல்லம். முதலில் மின்வழி ஏறியது சரக்கு அல்ல, சரக்கைப் பற்றிய தாள். இந்த வேறுபாட்டைக் கவனிக்காமல் போனால் இந்தக் கரையில் யாருக்கு இணையம் பயன்பட்டது, யாரை அது கரையிலேயே நிறுத்திவிட்டது என்பது புரியாது.

இரவு பதினொரு மணி

அரசு நிறுவனமான விதேஷ் சஞ்சார் நிகாம் 1995 ஆகஸ்ட் 15 அன்று பொதுமக்களுக்கு இணையத்தைத் திறந்தபோது, இணைப்பு மையங்கள் சென்னை, மும்பை, டெல்லி, கொல்கத்தா ஆகிய பெருநகரங்களில் மட்டுமே. 250 மணி நேர டயல்-அப் கணக்குக்குத் தனிநபர் 5,000 ரூபாய் கட்ட வேண்டும். நிறுவனம் என்றால் இன்னும் அதிகம். வேகம் நொடிக்கு 9.6 கிலோபிட். தூத்துக்குடியிலிருந்து அந்த வேகத்தைத் தொடுவதற்கே சென்னைக்கு எஸ்.டி.டி. போட வேண்டும். இரவு பதினொன்றுக்கு மேல் எஸ்.டி.டி. கட்டணம் கால்பங்கு. நள்ளிரவில் மோடம் கீச்சிட்டு, மின்னஞ்சல் இறங்கி, கோடு துண்டிக்கப்படும்.

இவ்வளவு பாடுபட்டு என்ன கிடைத்தது? வெளிநாட்டு வாங்குபவருடன் தாள் பரிமாறும் செலவு குறைந்தது. அதற்கு முன் டெலக்ஸ் இருந்தது. எழுத்தெண்ணி எழுத வேண்டும். ஃபேக்ஸ் இருந்தது; ஐ.எஸ்.டி. மீட்டர் ஓட ஓட ஒவ்வொரு பக்கமாக இழுக்கும், வந்த தாள் ஆறு மாதத்தில் மங்கிப்போகும். மின்னஞ்சலில் இன்வாய்ஸ் நகலை அனுப்பி, எதிர்ப்பக்கம் திருத்தம் சொல்லி, மறுபடி அனுப்புவது ஒரே இரவில் முடிந்தது.

இது சிறு வசதிபோலத் தெரியும். கடன் உறுதிக் கடிதத்தில், அதாவது எல்.சி.யில், வியாபாரம் செய்தவர்களைக் கேட்டால் இதன் எடை தெரியும். எல்.சி. வியாபாரத்தில் வங்கி சரக்கைப் பார்ப்பதே இல்லை. பன்னாட்டு வணிகச் சம்மேளனத்தின் யு.சி.பி. விதிகள் இதை வெளிப்படையாகவே சொல்கின்றன: வங்கிகள் ஆவணங்களைக் கொண்டு இயங்குகின்றன, சரக்கைக் கொண்டு அல்ல. எல்.சி.யில் உள்ள விவரம் ஒன்று, கப்பல் நிறுவனம் தரும் சரக்கு ரசீதான பில் ஆஃப் லேடிங்கில் உள்ளது ஒன்று என்று இருந்தால் அது ‘டிஸ்கிரிபன்சி’. பணம் நிற்கும். உள்ளே தங்கமே இருந்தாலும் நிற்கும். ஆகவே கப்பல் கிளம்பும் முன்பே வரைவு ஆவணத்தை வாங்குபவரிடம் காட்டி ஒப்புதல் வாங்கிவிடுவது பணத்தைக் காப்பாற்றும் வேலை. இணையம் இந்த ஊர் வியாபாரிக்கு முதலில் செய்த உபகாரம் இதுதான்.

1998 நவம்பரில் இணையச் சேவையில் தனியாரும் நுழையலாம் என்று அரசு அனுமதித்தது. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட சத்யம் இன்ஃபோவே அப்படி முதலில் நுழைந்த நிறுவனங்களில் ஒன்று. அடுத்த சில ஆண்டுகளில் தமிழகத்தின் இரண்டாம் நிலை ஊர்களிலும் பிரவுசிங் சென்டர் பலகைகள் முளைத்தன. இணைப்பு உள்ளூர் அழைப்பானது. 1999 டிசம்பரில் துறைமுகத்தில் பி.எஸ்.ஏ. சிக்கால் நிறுவனத்தின் தனிக் கன்டெய்னர் முனையம் இயங்கத் தொடங்கியது. கப்பலும் கம்பியும் ஏறக்குறைய ஒரே காலத்தில் ஊருக்கு வந்து சேர்ந்தன என்று சொல்லலாம்.

மேசையிலிருந்து திரைக்கு

சுங்கத் துறை தன் கணினித் திட்டத்தை 1995-ல் டெல்லியில் சோதித்துப் பார்த்தது. ஐ.சி.இ.எஸ். என்று பெயர். பிறகு படிப்படியாக மற்றத் துறைமுகங்களுக்கும் விமான நிலையங்களுக்கும் வந்தது. அதை வெளியுலகத்துடன் இணைக்கும் வாசலுக்கு வைத்த பெயர் ஐஸ்கேட். பெயரை விரித்தால் அதற்குள்ளேயே ‘மின்னணு வணிகம்’ இருக்கிறது. நாட்டின் தொடக்க கால இணைய வணிகத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் இந்த வாசலை ஏனோ கணக்கில் சேர்ப்பதில்லை. ஒரு நாள் முழுக்க இந்த வாசலில் நுழைந்து வெளியேறும் சரக்கின் மதிப்பை நினைத்தால் அந்த மறதி நியாயமற்றது.

புதிய ஏற்பாட்டில் தொடக்கத்தில் பலரும் தங்கள் அலுவலகத்திலிருந்து பில்லை அனுப்பவில்லை. சுங்க இல்லத்திலேயே ஒரு சேவை மையம். அங்கே கட்டணம் கட்டி விவரங்களைக் கொடுத்தால் ஊழியர் தட்டச்சு செய்வார். ‘செக்லிஸ்ட்’ என்ற அச்சுப்படி வெளியே வரும். அதை வரி வரியாகச் சரிபார்த்துக் கையெழுத்திட்டுக் கொடுத்தால் கணினி எண் தரும். அதன்பின் மேசைகள் திரைக்குள் போய்விட்டன. சரக்கு ஷெட்டுக்கு வந்ததும் பதிவு, பரிசோதனை, ‘எல்.இ.ஓ.’ எனப்படும் ஏற்றுமதி உத்தரவு. “எந்த மேசையில இருக்கு?” என்ற கேள்வி “எல்.இ.ஓ. ஆயிருச்சா?” என்று மாறியது.

மாறியது கேள்வி மட்டுமல்ல. தன் பில் எங்கே நிற்கிறது என்பதை யாரையும் கெஞ்சாமல் தெரிந்துகொள்ளும் நிலைமை முதல்முறையாகச் சிறு ஏற்றுமதியாளருக்கு வந்தது. டிராபேக் தொகை காசோலையாக அலையாமல் நேராக வங்கிக் கணக்குக்கு வந்தது. என் கணக்கில், இணையம் இந்தத் துறைமுகத்துக்குத் தந்த மிகப்பெரிய நன்மை வேகம் அல்ல. வரிசையில் தன் இடம் எது என்று கடைசி ஆளுக்கும் தெரிந்ததுதான்.

சட்டமும் பின்னால் வந்து சேர்ந்தது. ஐ.நா.வின் பன்னாட்டு வணிகச் சட்ட ஆணையம் 1996-ல் மின்னணு வணிகத்துக்கு ஒரு மாதிரிச் சட்டம் வகுத்தது. அதை ஒட்டி இந்தியா தகவல் தொழில்நுட்பச் சட்டத்தை நிறைவேற்றி, 2000 அக்டோபர் 17 முதல் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. கணினியில் உள்ள பதிவும் ஆவணம்தான், டிஜிட்டல் கையொப்பமும் கையெழுத்துத்தான் என்று சட்டம் ஒப்புக்கொண்டது. அப்படிக் கையொப்பத்துக்குச் சான்று தர உரிமம் பெற்ற முதல் நிறுவனம், சத்யம் இன்ஃபோவேயின் கிளையான சேஃப்ஸ்கிரிப்ட், ஆண்டு 2002. சுங்க ஆவணங்களில் டிஜிட்டல் கையொப்பம் கட்டாயமாக மேலும் பல ஆண்டுகள் ஆயின. 2016 ஜனவரியில்தான் அது நடந்தது. இடையில் 2011 ஏப்ரலில் இன்னொரு பெரிய மாற்றம்: சுயமதிப்பீடு. சரக்கு என்ன, எந்த வகை, எவ்வளவு தீர்வை என்பதை முதலில் வியாபாரியே சொல்ல வேண்டும், அதிகாரி பிறகு சரிபார்ப்பார். 2020 அக்டோபர் இறுதிக்குள் இறக்குமதி மதிப்பீடு ‘முகமில்லாத’ முறைக்கு நாடு முழுவதும் மாறியது. தூத்துக்குடியில் இறங்கும் ஆப்பிரிக்க முந்திரிக்கொட்டையின் பில்லை வேறு ஏதோ ஊரில் உட்கார்ந்திருக்கும் அதிகாரி பார்த்து முடிக்கலாம்.

ஆனால் இயந்திரம் எழுத்துப் பிழையை மன்னிக்காது. மேசைக்குப் பின்னால் மனிதர் இருந்த காலத்தில் ‘இது தட்டச்சுத் தவறு’ என்று விளக்க ஒரு வழி இருந்தது. 2017-ல் ஜி.எஸ்.டி. வந்தபோது இதன் கசப்பை ஏற்றுமதியாளர்கள் நன்றாக அனுபவித்தார்கள். ஜி.எஸ்.டி. கணக்கில் காட்டிய இன்வாய்ஸ் எண்ணும் ஷிப்பிங் பில்லில் காட்டிய எண்ணும் ஒரு கோட்டளவு வேறுபட்டாலும் திரையில் ‘எஸ்.பி.005’ என்ற பிழைக்குறி வந்து நிற்கும். ரீஃபண்ட் கிடைக்காது. கப்பல் போய், சரக்கு விற்று, வாங்கியவர் பணமும் அனுப்பிய பிறகு, கட்டிய வரி மட்டும் மாதக்கணக்கில் முடங்கிக் கிடந்தது. கடைசியில் சுங்கத் துறை 2018 மார்ச்சில் ‘ரீஃபண்ட் இருவாரம்’ என்று தனி முகாம் நடத்தி, ஆட்களை உட்கார வைத்துத்தான் முடிச்சுகளை அவிழ்த்தது. பெரிய நிறுவனத்துக்கு அது கணக்கில் ஒரு வரி. கயிற்று மிதியடியோ தீப்பெட்டியோ அனுப்பும் சிறு வியாபாரிக்கு அதுவே முதல். இந்த வலியைத் துறை முன்கூட்டியே கண்டிருக்க வேண்டும். சோதனை ஓட்டத்தில் சிறு ஏற்றுமதியாளர்களையும் உட்கார வைத்திருந்தால் கண்டிருக்கும்.

மூடிய சிப்பியின் விலை

பார்க்காத சரக்கை நம்பிப் பணம் போடுவது இந்தக் கரைக்குக் கணினி கற்றுத்தந்த பழக்கம் அல்ல. முத்துக்குளிப்பின் வியாபார முறையை எடுத்துக்கொள்ளுங்கள். முத்து ஏலம் என்றால் பலரும் வெல்வெட் துணியில் முத்தைப் பரப்பி விலை கூறுவதாக நினைக்கிறார்கள். மன்னார் வளைகுடாவில் ஏலம் போனது திறக்காத சிப்பி.

கடலுக்கடியில் உள்ள ‘பார்’ எனும் சிப்பிப் படுகைகளில் சிப்பி முதிர்ந்திருக்கிறதா என்று அரசு ஆய்வுப் படகு அனுப்பும். தூத்துக்குடிக்கு எதிரே உள்ள தொள்ளாயிரம் பார் அவற்றில் பேர்பெற்றது. மாதிரியாகச் சில ஆயிரம் சிப்பிகளை எடுத்து வந்து, அழுகவிட்டுக் கழுவி, கிடைத்த முத்துகளை மதிப்பீட்டாளர்கள் தரம் பிரிப்பார்கள். அளவு காண்பதற்குப் பத்துப் பித்தளைச் சல்லடைகள். துளைகளின் எண்ணிக்கைதான் சல்லடையின் பெயர்: 20, 30, 50 என்று தொடங்கி 1000 வரை. உருண்டையும் ஒளியும் கொண்ட ஆணி முதல் தூள் வரை பல வகுப்பு. எல்லாவற்றையும் கூட்டி, ஆயிரம் சிப்பிக்கு இத்தனை ரூபாய் பெறும் என்று ஒரு தொகை வரும். அந்தத் தொகையுடன், இன்ன பார், இன்ன நாள் என்று அரசு அறிவிப்பு வெளியாகும். அதைப் படித்துவிட்டுத்தான் கீழக்கரையிலிருந்தும் காயல்பட்டினத்திலிருந்தும் தொலைவான ஊர்களிலிருந்தும் வியாபாரிகள் முகாமுக்கு வந்தார்கள்.

குளிகாரர்கள் கொண்டுவந்த சிப்பியில் மூன்றில் ஒரு பங்கு அவர்களுக்கு, மிச்சம் அரசுக்கு. அரசின் பங்கு மாலையில் ஆயிரக்கணக்கில் ஏலம் போகும். வாங்குபவர் சிப்பியைத் திறந்து பார்க்க முடியாது. அவர் கையில் இருப்பது ஒரு மாதிரி, ஒரு மதிப்பீடு, அதற்குப் பின்னால் நிற்கும் அரசின் பெயர். அவ்வளவுதான். முத்து, சங்கு மீன்பிடிப்புகளுக்குத் தூத்துக்குடியில் பொறுப்பேற்றிருந்த ஜேம்ஸ் ஹார்னெல் இந்த ஏற்பாடுகளை விரிவாகப் பதிவு செய்திருக்கிறார். 1955 முதல் 1961 வரை நடந்த குளிப்புகளோடு அந்த வழக்கம் முடிந்தது. 1973-ல் மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் கே. அழகர்சாமி தூத்துக்குடியில் வளர்ப்பு முத்தை உருவாக்கிக் காட்டியது வேறொரு பெருமைக்குரிய கதை.

நான் இங்கே முத்தைக் கொண்டுவந்தது பழம்பெருமைக்காக இல்லை. காணாத சரக்கை விற்க மூன்று பேர் வேண்டும்: விற்பவர், வாங்குபவர், இரண்டு பேரும் நம்பும் ஒரு சாட்சி. முத்துக்கு அரசு சாட்சி சொன்னது. எல்.சி.க்கு வங்கியும் கப்பல் நிறுவனமும் சொல்கின்றன. ஐஸ்கேட்டில் சுங்கத் துறையும் டிஜிட்டல் கையொப்பமும் சொல்கின்றன. சாட்சி கிடைத்த சரக்குத்தான் இணையத்தில் ஏறியது.

இந்த மாவட்டத்துச் சென்னா இலை இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. நிலாவரை என்று ஊரில் சொல்லும் அந்தச் செடி தூத்துக்குடி, நெல்லை, இராமநாதபுரம் மாவட்டங்களின் மானாவாரிக் கரிசலிலும் தேரியோர நிலங்களிலும் விளைந்து, ‘திருநெல்வேலி சென்னா’ என்ற பெயரில் உலக மருந்துச் சந்தைக்குப் போகிறது. அதன் காய்க்கு ஐரோப்பிய மருந்துத் தர நூல் ஓர் எண் வைத்திருக்கிறது: சென்னோசைடு 2.2 விழுக்காட்டுக்குக் குறையக் கூடாது. ஆய்வகம் அந்த எண்ணைச் சொல்லிவிட்டால் ஜெர்மனியில் மாத்திரை செய்பவர் விளாத்திகுளம் பக்கம் வந்து காட்டைப் பார்க்க வேண்டியதில்லை. ஒரு மின்னஞ்சல், ஓர் ஆய்வக அறிக்கை, ஒரு பில் ஆஃப் லேடிங். இணையம் வந்த முதல் ஆண்டுகளிலேயே இப்படிப்பட்ட சரக்குகள் எளிதாக அதில் பொருந்திக்கொண்டதற்குக் காரணம், அவற்றின் தரம் ஏற்கெனவே எண்ணாக மாறியிருந்ததுதான்.

கப்பல் முந்தும், தாள் பிந்தும்

எண்ணாக மாறாமல் பிடிவாதமாகத் தாளாகவே நின்ற ஒன்று உண்டு: பில் ஆஃப் லேடிங். அது சரக்கேற்றிய ரசீது மட்டுமல்ல. அதை வைத்திருப்பவரே சரக்குக்கு உரியவர் என்பதால், கைமாறும்போது உரிமையும் கைமாறும். மூன்று மூலப்பிரதிகள், ஈரக் கையெழுத்து, கூரியர். 1999-ல் ‘போலெரோ’ என்ற பன்னாட்டு ஏற்பாடு இதை மின்னணுவாக்க முயன்றது. உலகம் மெதுவாகத்தான் நகர்ந்தது. பிரிட்டன் மின்னணு வணிக ஆவணங்களுக்குச் சட்டம் கொண்டுவந்ததே 2023-ல்தான். இந்தியாவில் 1856-ஆம் ஆண்டின் பில் ஆஃப் லேடிங் சட்டம் 2025 வரை நடப்பில் இருந்தது.

நீண்ட தூரப் பயணத்தில் இது பெரிய தொந்தரவு இல்லை. கப்பல் ஐரோப்பா போவதற்குள் கூரியர் போய்விடும். தூத்துக்குடிக்குக் கொழும்பு ஓர் இரவு. மாலே சில நாள். சரக்கு போய் இறங்கி, தாள் வங்கியில் உறங்கும். ஆகவே மூலப்பிரதியை இங்கேயே ஒப்படைத்துவிட்டு, ‘சரக்கைக் கொடுத்துவிடலாம்’ என்று கப்பல் முகவர் எதிர்த்துறைமுக அலுவலகத்துக்குச் செய்தி அனுப்புகிற ‘டெலக்ஸ் ரிலீஸ்’ முறை இங்கே அன்றாட வழக்கம். இன்று அது மின்னஞ்சலில் போனாலும் பெயர் டெலக்ஸ்தான்.

பழைய துறைமுகத்தில் இன்னொரு உலகம் இருக்கிறது. அங்கேயிருந்து மரத் தோணிகள் காய்கறியும் வெங்காயமும் கட்டுமானப் பொருளும் ஏற்றிக்கொண்டு மாலத்தீவுக்குப் போகின்றன. தென்மேற்குக் காற்று எழும் மாதங்களில் அவை ஓடுவதில்லை. தோணியை நடத்தும் தண்டலின் அனுபவம், வியாபாரிகளின் தலைமுறைப் பழக்கம், ஒருவர் சொன்ன வாக்கு: இவையே அங்கே ஆவணத்தின் பாதி வேலையைச் செய்துவந்தன. சுங்கத்தின் மின்னணு வாசல் அவர்களுக்கும் பொதுதான். ஆனாலும் கன்டெய்னருக்காக நெய்த சட்டையைத் தோணிக்கு மாட்டினால் அது தொளதொளக்கவே செய்யும். ஒரு கன்டெய்னருக்கு ஒரு பொருள் என்று எண்ணும் அமைப்புக்கு, ஐம்பது கடைக்காரரின் ஐம்பது வகைச் சாமான் ஏறிய ஒரு தோணி புரியக் கடினம்.

கரையில் நின்றவர்கள்

இனி மீன்பிடித் துறைமுகம். தூத்துக்குடி விசைப்படகுகள் விடியற்காலை கடலுக்குப் போய் இரவுக்குள் திரும்ப வேண்டும் என்பது விதி. திரும்பியதும் ஏலம். மீன் கெடும் பொருள். விலை தெரிந்துகொள்ளக் காத்திருக்க முடியாது. அப்படிப்பட்ட இடத்தில்தான் தகவலுக்கு மதிப்பு அதிகம். 1997-க்கும் 2001-க்கும் இடையில் வட கேரளக் கரையில் கைப்பேசி பரவியபோது மத்திச் சந்தையில் என்ன நடந்தது என்று பொருளியலாளர் ராபர்ட் ஜென்சன் ஆராய்ந்து 2007-ல் வெளியிட்டார். கடலில் இருந்தபடியே எந்தக் கரையில் விலை என்ன என்று கேட்டு, அந்தக் கரைக்குப் படகைத் திருப்பினார்கள். ஆளில்லாமல் கொட்டப்பட்ட மீன் ஏறக்குறைய இல்லாமலே போனது. மீனவரின் லாபம் சராசரியாக 8 விழுக்காடு கூடியது. வாங்குவோருக்கு விலை 4 விழுக்காடு குறைந்தது.

இந்த ஆய்வை மேற்கோள் காட்டுகிறவர்கள் ஒரு நிபந்தனையை மறந்துவிடுகிறார்கள். விலை தெரிந்தால் போதாது, வேறு கரைக்குத் திரும்பும் சுதந்திரமும் வேண்டும். நம் கரையில் பல படகுகள் வலைக்கும் எஞ்சினுக்கும் வாங்கிய முன்பணத்தால் ஒரே வியாபாரிக்கோ கம்பெனிக்கோ கட்டப்பட்டவை. முன்பணத்துக்கு வட்டி என்று எதுவும் எழுதப்படுவதில்லை. அது மீனின் விலையிலும் கமிஷனிலும் கழிகிறது. கைப்பேசித் திரையில் பக்கத்து ஊர் விலை தெரிந்தாலும், அந்த விலைக்கு விற்க அவரால் முடியாது. கடனுக்குத் தீர்வு சொல்லாத எந்தச் செயலியும் இந்தக் கரையில் வெறும் விலைப்பலகையாகவே நிற்கும்.

உப்பளத்திலும் இதேதான். குஜராத்துக்கு அடுத்தபடி நாட்டில் அதிகம் உப்பு விளைவது இந்த மாவட்டத்தில். பெரிய வாங்குபவருக்கு உப்பு என்பது சோடியம் குளோரைடு விழுக்காடு, ஈரப்பதம், டன் விலை. எல்லாமே எண்கள், இணையத்தில் விற்க இதைவிடத் தோதான பொருள் இல்லை. ஆனால் சிறிய அளக்காரரிடம் அந்த ஆய்வக அறிக்கை இல்லை. மழைக்கு முன் உப்பை வெளியேற்ற வேண்டிய அவசரம்தான் அவரிடம் இருக்கிறது. பாத்தியில் வெயிலில் நின்று உப்பு வாரும் பெண்களின் கூலிக்கும் டன் விலைக்கும் இடையே எந்தக் கம்பியும் ஓடவில்லை.

சாட்சி கிடைத்தால் நிலைமை மாறும் என்பதற்கு மாவட்டத்திலேயே ஆதாரம் இருக்கிறது. கோவில்பட்டி கடலை மிட்டாய் 2020-ல் புவிசார் குறியீடு பெற்றது. 2023-ல் உடன்குடி பனங்கருப்பட்டியும் ஆத்தூர் வெற்றிலையும் பெற்றன. கருப்பட்டியில் சீனி கலப்பது ஊரறிந்த ரகசியம். இணையத்தில் படத்தைப் பார்த்து வாங்குபவருக்கு நல்லது எது, கலப்படம் எது என்று தெரிய வழியே இல்லை. பனையேறியின் பெயரும் காய்ச்சிய ஊரும் ஆய்வக எண்ணும் ஒரு குறியீட்டின் கீழ் வந்தால் சென்னையிலோ சிங்கப்பூரிலோ இருப்பவர் நம்பிக் கூடுதல் விலை தருவார். குறியீடு கிடைத்துவிட்டது. ஒவ்வொரு சிப்பத்தையும் சோதித்து, ‘இது கலப்பில்லாதது’ என்று பொறுப்பேற்றுச் சொல்லும் ஆய்வகம் உடன்குடியிலேயே வேண்டும். சான்றிதழைச் சுவரில் மாட்டுவதோடு நின்றால், அதே பெயரில் சீனிக்கட்டி விற்பவருக்குத்தான் லாபம்.

மீனுக்கு இதைவிட நேரான வழி ஒன்று கையருகிலேயே இருக்கிறது. 2010 ஜனவரி 1 முதல் ஐரோப்பிய ஒன்றியத்துக்குப் போகும் கடல் மீனுக்கு ‘பிடிப்புச் சான்று’ கட்டாயம். திருட்டு மீன்பிடிப்பைத் தடுக்க வந்த விதி அது. இந்தியாவில் கடல்பொருள் ஏற்றுமதி மேம்பாட்டு ஆணையம் அந்தச் சான்றை அளிக்கிறது. இன்ன படகு, இன்ன பதிவு எண், இன்ன கரையில் இறக்கியது, எவ்வளவு எடை என்ற விவரங்களைத் தாங்கித்தான் ஒரு பெட்டி கணவாய் ஸ்பெயினுக்கோ இத்தாலிக்கோ போகிறது. வாங்கும் நாட்டு அதிகாரிக்கு நம் படகின் பெயர் தெரிகிறது. நம் படகுக்காரருக்குத் தன் கணவாய் எந்த நாட்டுக்குப் போனது, ஏற்றுமதி இன்வாய்ஸில் அதன் விலை என்ன என்று தெரிவதில்லை.

இதற்குப் புதிய செயலியோ புதிய அமைச்சகமோ தேவையில்லை. ஏற்றுமதி விலை ஷிப்பிங் பில்லில் இருக்கிறது. ஷிப்பிங் பில் ஐஸ்கேட்டில் இருக்கிறது. படகின் பதிவு எண் பிடிப்புச் சான்றில் இருக்கிறது. இரண்டையும் சேர்த்து, கரைவாரியாக, மீன்வகைவாரியாக அந்த வாரத்துச் சராசரி ஏற்றுமதி விலையை எடுத்து, சான்றில் பெயர் உள்ள ஒவ்வொரு படகுக்காரரின் கைப்பேசிக்கும் தமிழில் அனுப்பலாம். எந்த நிறுவனத்தின் வியாபார ரகசியமும் வெளியாகாது. அடுத்த முறை முன்பணம் பேச உட்காரும்போது, எதிரே இருப்பவருக்குத் தெரிந்த விலை இவருக்கும் தெரிந்திருக்கும். சுங்கத் துறையும் ஏற்றுமதி ஆணையமும் மாநில மீன்வளத் துறையும் ஒரே மேசையில் உட்கார்ந்தால் அடுத்த மீன்பிடித் தடைக்காலம் முடிந்து படகுகள் இறங்கும் ஜூன் மாதத்துக்குள் இதைத் தொடங்கிவிடலாம்.